ரயில் எட்டும் தூரத்தில் ஓர் ஆலோசகர்

என் கைப்பேசியில் 1,400க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. எல்லாம் ஒரே பொருளின் படங்கள். எங்கள் வீட்டு அடுக்களை மேடைக்குக் கீழே நிற்கும் சிலிண்டரின் ரெகுலேட்டர். குமிழ் மூடிய பக்கம் திரும்பியிருப்பது தெரியும்படி எடுத்திருப்பேன். சிலவற்றில் என் கட்டைவிரல் நகமும் விழுந்திருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது எடுத்தவை, இரவில் படுக்கப் போகும்போது எடுத்தவை, பாதித் தூக்கத்தில் எழுந்துபோய் எடுத்ததால் கலங்கிப் போனவை. அலுவலகத்தில் கணக்கேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மேசைக்கு அடியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன்.

2021 ஆடி மாதத்தில் ஓர் இரவு, அம்பாசமுத்திரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் கேஸ் கசிந்தது. வாடை வந்து முதலில் எழுந்தது நான்தான். கதவைத் தட்டி எழுப்பினோம், சன்னல்களைத் திறந்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் தெருவே என்னைப் பாராட்டியது. "நீ மட்டும் முழிக்காமல் இருந்திருந்தால்..." என்று என் மாமியார் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சொல் எனக்குள் போய்க் குடியேறிவிட்டது. நான் முழிக்காமல் இருந்திருந்தால். நான் பார்க்காமல் விட்டால்.

முதலில் ஒரு முறை பார்த்தேன். பிறகு மூன்று முறை. 2023 தொடங்கியபோது வீட்டைவிட்டு இறங்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. குமிழ் மூடியிருக்கிறது என்று கண் சொல்லும், கை சொல்லும், மனம் ஒப்பாது. பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி வந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் பொறுமையான மனிதர். "நான் மூடிவிட்டேன், நீ வா" என்று தினமும் பத்து முறை சொல்வார். அப்படி அவர் சொல்லச் சொல்ல நோய்க்குத்தான் தீனி போகிறது என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரியாது.

யாரிடம் போவது என்பது அடுத்த கேள்வி. கேட்பதற்குச் சொல் கூட கையில் இல்லை. எங்கள் ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு உறுப்பினர், குடிநீர்க் குழாய்க்கு மனு கொடுக்க வேண்டியவர். கவுன்சிலிங் என்றால் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் இடம் ஒதுக்குவது. மனநல மருத்துவர் என்று சொன்னால் போதும், கேட்பவர் முகம் மாறிவிடும். சென்னைக் கீழ்ப்பாக்கத்து மனநல மருத்துவமனையின் வரலாறு 1794ஆம் ஆண்டு வரை பின்னால் போகிறது. இத்தனை தலைமுறை நோயாளிகளைப் பார்த்த ஒரு மருத்துவமனை இருக்கும் ஊரின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். 600 கிலோமீட்டர் தள்ளி, சென்னையையே பார்த்திராத எங்கள் தெருப் பிள்ளைகள்கூட விளையாட்டில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு சுருங்கும்.

மாமியார் மந்திரித்த கயிறு வாங்கி வந்து கட்டினார். நான் மறுக்கவில்லை, அவர் அன்பாகத்தான் கட்டினார். உறவில் ஒருவர், மனநோயாளிகளைக் கொண்டுபோய்த் தங்கவைக்கும் ராமநாதபுரம் பக்கத்து ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போகச் சொன்னபோதுதான் எனக்குப் பயம் வந்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே தர்காவை ஒட்டி நடந்த காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் கருகிப் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாளிதழை என் அப்பா மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. இன்று மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியில் பூட்டக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் ஏர்வாடிக்கும், அதே நம்பிக்கையோடு குணசீலம் பெருமாள் கோயிலுக்கும் போகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே போனால் நாள் கணக்கில் தங்கலாம், அழலாம், தன்னைப் போலவே தவிக்கும் பத்துக் குடும்பங்களைப் பார்க்கலாம். வேறு எந்த வாசல் அவர்களுக்கு அதைக் கொடுத்தது?

நாங்கள் முதலில் போனது வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு. இரவு முழுவதும் பஸ் பயணம். அங்கிருந்த மருத்துவர் அரை மணி நேரம் கேட்டுவிட்டுச் சரியாகச் சொன்னார். இதன் பெயர் எண்ணச் சுழற்சி நோய், டாக்டர்கள் ஓ.சி.டி. என்பார்கள், பலருக்கும் வருவது, சரிசெய்யக்கூடியது என்றார். பெயர் கிடைத்ததே பாதி பாரம் இறங்கியது போலிருந்தது. மாத்திரை எழுதினார், முழுப் பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம் என்றார். "கூடவே வாரம் ஒரு முறை உளவியல் சிகிச்சைக்கு வர வேண்டும்" என்றார். வாரம் ஒரு முறையா? ஓர் இரவு போக, ஓர் இரவு வர, நடுவில் ஒரு நாள் விடுப்பு. இரண்டு முறை போனோம், பிறகு நின்றுவிட்டது.

நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். உடம்புக்கு ஒன்று என்றால் பெரிய ஊருக்கு, பெரிய டாக்டரிடம் போவது நம் வழக்கம். அறுவை சிகிச்சைக்கு அது சரி, ஒரு முறை போய் முடித்துக்கொண்டு வந்துவிடலாம். மனதுக்கான பேச்சுச் சிகிச்சை அப்படிப்பட்டதில்லை. பதினைந்து முறை, இருபது முறை போக வேண்டியது. மழையிலும் போக வேண்டும், மாதக் கடைசியில் கையில் காசில்லாத வாரத்திலும் போக வேண்டும். அதிலும், போக வேண்டாம் என்று மனம் அடம்பிடிக்கும் வாரத்தில்தான் கட்டாயம் போக வேண்டும். எட்டாத ஊரில் இருக்கும் மகா நிபுணரைவிட, காலையில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒழுங்கான ஓர் உளவியலாளர் எவ்வளவோ மேல். அனுபவித்துச் சொல்கிறேன். தூரமும் சிகிச்சையில் ஒரு பகுதி.

அப்படியானால் சொந்த ஊரிலேயே பார்ப்போம் என்று நினைத்து நான் அடுத்த தவறைச் செய்தேன். ஆலோசனை மையம் என்று பலகை வைத்திருந்த ஒருவரிடம் போனேன். யார், எங்கே என்று எழுதப் போவதில்லை. முதல் பத்து நிமிடத்தில் என் நட்சத்திரம் கேட்டார். பிறகு, குழந்தை இல்லாததால்தான் மனம் இப்படி அலைகிறது, ஒரு குழந்தை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எங்களுக்குக் குழந்தை ஏன் இல்லை என்பது அவர் கேட்காத விஷயம். ரெகுலேட்டரைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துக் கோயிலில் ஒரு பெண்மணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கேஸைத் திறந்து திறந்து மூடுகிறாயாமே, பார்த்து இரு" என்றார். எங்கள் வீட்டுக்கு வெளியே, ஊரில் அந்த அறையைத் தவிர வேறெங்கும் நான் அதைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஏழு மாதம் யாரிடமும் போகவில்லை. பேசியது வெளியே போகக் கூடாது என்பது நோயாளியின் உரிமை. மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. அது எனக்கு அப்போது தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? வழக்கா போட்டிருப்பேன்? சின்ன ஊரில் ஒரு சொல் வெளியே போனால் போனதுதான்.

மறுபடி தேடத் தொடங்கியது ஓர் இரவு. மூன்றாம் முறையாக அடுக்களைக்குப் போய்விட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். 14416 என்ற எண் ரேஷன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் பார்த்தது, மனதில் கிடந்தது. 2022 அக்டோபரில் நாடு முழுவதும் தொடங்கிய, டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவை அது. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. எடுத்தது ஓர் இளம்பெண்ணின் குரல். பெயரைச் சொல்லக் கட்டாயமில்லை என்றாள். நான் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. கடைசியில், "அக்கா, உங்கள் மாவட்டத்திலேயே மனநலத் திட்டம் இருக்கிறது. அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், அங்கிருந்து வழி சொல்வார்கள்" என்றாள். மாவட்ட மனநலத் திட்டம் நாட்டில் 1996 முதலே இருக்கிறதாம். எனக்கு அன்று இரவுதான் தெரிந்தது.

போனேன். அந்த அரசு மருத்துவர் எனக்குச் செய்த பெரிய உதவி, யார் யார் என்று பிரித்துச் சொன்னது. அவர் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவது அவர் வேலை. மருத்துவ உளவியலாளர் டாக்டர் அல்ல, மருந்து எழுத மாட்டார். பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை செய்கிறவர், அதற்கென்றே மருத்துவமனையில் இருந்து இரண்டு ஆண்டு எம்.பில். படித்தவராக இருப்பார். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வைத்திருப்பார், அந்தப் பதிவேட்டை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். ஆலோசகர் என்பது மட்டும் அகலமான சொல். முதுநிலைப் பட்டம் பெற்று ஆண்டுக்கணக்கில் பழகியவரும் ஆலோசகர்தான், சில வாரப் பயிற்சிச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பவரும் ஆலோசகர்தான். குடும்பச் சண்டை, பரீட்சைப் பயம், இழவுத் துயரம் போன்றவற்றுக்கு நல்ல ஆலோசகர் போதும். எனக்கிருந்ததைப் போன்ற நோய்க்கு அதற்கான முறை தெரிந்தவர் வேண்டும். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வருகிறவர்களோ இந்தத் தேடலுக்கெல்லாம் காத்திருக்கவே கூடாது, அன்றே எந்த மருத்துவமனைக்காவது போய்விட வேண்டும் என்றார். அந்த எண்ணம் உனக்கு வருகிறதா என்று என்னையும் நேராகக் கேட்டார். வரவில்லை என்றேன். இப்படி மறைக்காமல் ஒருவர் கேட்டதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாளையங்கோட்டையில் இருக்கும் மூன்று உளவியலாளர்களின் பெயர்கள் அங்கேதான் கிடைத்தன. மூவருக்கும் போன் செய்தேன். கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டேன். பதிவு எண் இருக்கிறதா, எண்ணச் சுழற்சி நோய்க்கு என்ன முறையில் சிகிச்சை செய்வீர்கள், ஒரு முறைக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், முழுவதும் தமிழிலேயே பேசலாமா? ஒருவர் பதிவு எண்ணைக் கேட்டதும் சுள்ளென்று பேசினார், அதோடு வைத்துவிட்டேன். இன்னொருவருக்கு மாலை ஏழு மணிக்குத்தான் நேரம் இருந்தது, அதன்பிறகு ஊர் திரும்ப எனக்குத் தோதுப்படாது. மூன்றாமவர், ஐம்பது வயதைத் தாண்டிய அம்மாள், பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "செங்கோட்டை ரயிலில் வருவீர்களா? அப்படியானால் பதினோரு மணி வைத்துக்கொள்வோம்" என்றார். என் ரயில் நேரத்தை அவர் யோசித்த அந்த நொடியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அம்பையில் ஏறினால் ஆற்றுப் பாலம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பேட்டை, பிறகு நெல்லை. ஊரில் யாரும் கேட்டால் பாளையங்கோட்டைக்குத் துணி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வாராவாரம் துணி எடுப்பவளை என்ன நினைத்தார்களோ தெரியாது. ஆனால் அந்தத் தூரம் எனக்குத் தேவைப்பட்டது. அந்த அறையின் வாசலில் தெரிந்த முகம் வந்துவிடும் என்ற பயம் இல்லை. திரும்பி வரும்போது சன்னலோரத்தில் வயல்களைப் பார்த்தபடி அழுது முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

முதல் நாள் அந்த அம்மாள் ஒரு படிவத்தை எடுத்தார், ஆங்கிலத்தில் இருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். "மூடினாயா, மூடினாயா என்று உள்ளே ஒன்று கேட்கிறதே, அதற்கு நீங்கள் என்ன பெயர் சொல்வீர்கள்?" என்றார். யோசித்தேன். "நச்சரிப்பு" என்றேன். அதை அவர் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து அந்த அறையில் ஓ.சி.டி. என்ற சொல்லே வரவில்லை. "இந்த வாரம் நச்சரிப்பு எத்தனை மணிக்கு வந்தது? நச்சரிப்பு வந்ததும் கை என்ன செய்தது?" என்று கேட்பார். என் வீட்டுத் தமிழில் என் நோயைப் பற்றிப் பேச முடிந்ததும், அது என்னைவிட்டு ஓரடி தள்ளி நின்றது போல இருந்தது.

அவர் செய்த சிகிச்சைக்கு வேர் பழையது. 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதிய முறையிலிருந்து வளர்ந்தது. பயத்தை வரவிடுவது, அது வந்ததும் வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருப்பது. கேட்க எளிது. நாங்கள் ஓர் ஏணி வரைந்தோம். ஒவ்வொரு படிக்கும் நூற்றுக்கு எவ்வளவு பயம் என்று நான் மதிப்பெண் போட வேண்டும். பூட்டிய கதவை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்குவது, 35. ரெகுலேட்டரை ஒரே முறை மூடிவிட்டு அடுக்களையைவிட்டு வருவது, 60. படம் எடுக்காமல் வேலைக்குப் போவது, 80. அம்மா வீட்டில் ஓர் இரவு தங்குவது, 95. என் வீட்டுக்காரரையும் ஒரு நாள் வரச் சொன்னார். இனி "மூடிவிட்டேன்" என்று சொல்லாதீர்கள், "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, தெரிகிறது" என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். என் வீட்டுக்காரருக்குத்தான் அது என்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

முதன்முறை ஒரே தடவையில் மூடிவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்த அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். உள்ளங்கை நனைந்துவிட்டது. வயிற்றுக்குள் எதுவோ திருகியது. கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மதிப்பெண்ணைத் தாளில் எழுத வேண்டும். 70. 85. 85. எழுந்துவிடலாம் என்று இருந்தது. 75. கீரைக்காரர் வந்தார், ஒரு கட்டு அரைக்கீரை வாங்கினேன். 60. 40. யாரும் வந்து சமாதானம் சொல்லவில்லை, நானும் போய்ப் பார்க்கவில்லை, பயம் தானாகவே இறங்கியது. இரண்டு வருடத்தில் அது தானாக இறங்கி நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் இறங்க நான் விட்டதே இல்லை.

பதினோராவது வாரம் படங்களை அழித்தோம். மொத்தமாக அழிக்க விடவில்லை. ஒரு மாதத்துப் படங்களை அழித்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்போம், பிறகு அடுத்த மாதம். அன்று ஒரு மணி நேரம் தாண்டிவிட்டது, அதற்கென்று அவர் கூடுதலாகப் பணம் வாங்கவில்லை.

பணத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் போன் எடுக்கத் தயங்குவது அதனால்தான். ஒரு முறைக்கு 700 ரூபாய். முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் இரண்டு. மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்தது. உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது, ஆனால் என் பாலிசி படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தருவது. கைவளையல் ஒன்றை அடகு வைத்தேன். அடுத்த வருடம் மீட்டும்விட்டேன்.

2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, பெரியவர்களில் 100 பேருக்கு ஏறக்குறைய 10 பேர் ஏதோ ஒரு மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள். அப்படியானால் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேர்? நான் நடந்து போகும்போது ஒவ்வொரு வீட்டையும் பார்ப்பேன். எந்த வீட்டில் யார் எதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், யார் போர்வைக்குள்ளிருந்து எழ முடியாமல் கிடக்கிறார்கள் என்று தெரியாது. யாரும் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

போன மாதம் மதினி போன் செய்தார். என் அண்ணன் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ஒன்றரை மாதமாக வகுப்புக்குப் போகவில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையைவிட்டு வெளியே வருவதில்லை. மதினி இதையெல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "நீ யாரிடமோ போனாயே, அவர் நல்லவரா?" என்று கேட்டார். நான் போனது மதினிக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. நல்லவர்தான் என்றேன். ரயில் நேரத்தையும் சொன்னேன். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

வியாழக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் உள்ளே போனதும் நான் வெளியே அதே மர பெஞ்சில் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம் கழித்து வந்தான், கண் சிவந்திருந்தது. என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகு, "அடுத்த வாரமும் பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள், அத்தை" என்றான். சரி, போவோம் என்றேன். பேட்டை தாண்டியதும் என் பையைத் தொட்டுப் பார்த்து, இதில் என்ன என்று கேட்டான். புளியோதரை. சேரன்மகாதேவி வருவதற்குள் பொட்டலம் காலியாகிவிட்டது.